மாட்டி வைத்தால்தான் முடிந்த வேலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கைத்தையல் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னாடி பேசின அக்கா கறவை மாட்டுக் கடனைப் பற்றிப் பேசினாங்க. மாடு பால் கொடுக்கும், சாணி கொடுக்கும், கன்னு போடும். நான் பேசப் போறது ஊசியையும் நூலையும் பற்றி. சாப்பாட்டுக்கு அப்புறம் என்னைப் பேச விட்டிருக்காங்க, தூக்கம் வந்தா பக்கத்துல இருக்கிறவங்க தட்டி எழுப்புங்க.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்கிற ஏற்பாடு 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1983-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. அப்போ கிருஷ்ணகிரியும் நம்மோடதான் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டம் ஆச்சு. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், பத்து ரூபாய் சேமிப்பு வந்தாலும் பேரேட்டில் எழுதிடுறோம். வராதவர் பெயரையும் எழுதுறோம். ஆனால் பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வச்சு, ராத்திரி பத்து பத்தரை வரைக்கும் குழல் விளக்கு வெளிச்சத்தில் குத்துகிற தையல் எந்தப் பேரேட்டிலும் இல்லை. "சும்மா இருந்த நேரத்துல போட்டது" என்று நாமே சொல்லிடுறோம். யாருங்க சும்மா இருந்தது?

கிராஸ் ஸ்டிச் என்று நாம் சொல்லும் குறுக்குத் தையல் நமக்குப் புதுசு இல்லை. நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் மேட்டி துணியில் போட்டிருப்போம். இரண்டு அன்னம், கிளி, ரோஜாப்பூ, 'நல்வரவு'. அந்தக் காலத்தில் டி.வி. பெட்டிக்கே பூப்போட்ட உறை போட்டிருந்தோம். கர்நாடகத்தில் தார்வாட் பக்கம் கசூதி என்று ஒரு வேலை உண்டு. அதில் இந்தக் குறுக்குத் தையலுக்கு மெந்தி என்று பெயர், அதாவது வெந்தயம். தள்ளி நின்று பார்த்தால் வெந்தயம் தூவினது போலவே இருக்கும். நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் எண்ணியே பூத்துக்குளிக்குப் பின்னல் போடுகிறார்கள். வரைபடம் எதுவும் பார்ப்பதில்லை, கணக்கு முழுக்க மனசில். 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நூல் எண்ணித் தைப்பது அவ்வளவு மதிப்புள்ள வேலை.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டது: "அக்கா, ஆரம்பிக்கிறது எல்லாம் ஆரம்பிச்சிடுறேன். முடிய மாட்டேங்குது." இது எல்லாருக்கும் இருக்கிற சங்கதி. என் கருத்து என்னன்னா, முடியாத வேலை பாதியில் கெடுவதில்லை, துணி வாங்கும் போதே கெட்டுவிடுகிறது. எங்கே மாட்டப் போறோம் என்று தெரியாமலே வாங்கிடுறோம். முதலில் சுவரைப் பாருங்க. நிலைக்கதவுக்கு மேலே இரண்டடி இடம் இருக்கா, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இருக்கா? இடத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்க.

கணக்கு ரொம்ப எளிது. படத்தில் குறுக்கே 140 கட்டம், நெடுக்கே 98 கட்டம் என்று வச்சுக்குவோம். துணியில் ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம் இருந்தால், 140-ஐ 14-ஆல் வகுத்தால் 10 அங்குலம், 98-ஐ வகுத்தால் 7 அங்குலம். சுற்றிலும் மூன்று அங்குலம் விடணும், பின்னால் மடித்து இழுத்துக் கட்ட அது வேணும். ஆக 16-க்கு 13 அங்குலத் துணி. அதே படத்தை 11 கட்டத் துணியில் போட்டால் ஏறக்குறைய 13-க்கு 9 ஆகிவிடும், படம் மட்டும். நம்ம கடைகளில் மேட்டி துணி ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு கணக்கில் வருது. கடைக்காரர் சொல்வதை நம்பாதீங்க. ஸ்கேலை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை கட்டம் என்று நீங்களே எண்ணுங்க. நாற்பது வயசுக்கு மேல் ஆனவர்களுக்கு 14 கட்டம் வேண்டாம் என்பேன். 11 கட்டத்தில் மூணு இழை, 14 கட்டத்தில் இரண்டு இழை. ஒரு நூல் கண்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை. 14 கட்டத் துணியில் இரண்டு இழையாகப் போட்டால் என் கைக்கு ஒரு கண்டு 1,500-லிருந்து 1,800 தையல் வரைக்கும் வருது. ஒரே நிறம் நிறைய வேணும் என்றால் எல்லாக் கண்டையும் ஒரே நாளில் வாங்கிடுங்க. பிறகு போனால் அதே எண்ணில் வாங்கினாலும் சாயம் ஒரு பொட்டு மாறும், சுவரில் மாட்டினதும் அது மட்டும் கண்ணைக் குத்தும்.

படத்துக்கு எங்கே போவது என்று கேட்பீங்க. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோல நோட்டு இருக்கு, அதற்கு மேல் என்ன வேணும்? பிள்ளைகளோட கிராஃப் நோட்டில் ஆறு கட்டத்துக்கு ஒரு புள்ளி வைங்க. ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் 36 கட்டத்தில் அடங்கிவிடும். 14 கட்டத் துணியில் அது இரண்டரை அங்குலம், ஒரு பர்ஸுக்குப் போதும். சிக்குக் கோலத்தில் கோடு சாய்வாகப் போகும், குறுக்குத் தையலும் சாய்வுதான், அதனால் அச்சு மாதிரி உட்காரும். வளைவு மட்டும் படிக்கட்டு மாதிரி வரும். தாமரை இதழை வட்டமாக்கணும் என்று மல்லுக்கட்டாதீங்க, அந்தப் படிக்கட்டுதான் இதுக்கு அழகு.

தைக்கும் முறையைப் பெரும்பாலும் நீங்க அறிவீங்க, இரண்டு மூன்று விஷயம் மட்டும் சொல்றேன். துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பிங்க. மேலே வரும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாயணும். அது மாறினால் வெளிச்சம் பட்டதும் காட்டிக் கொடுத்துவிடும். முடிச்சு போடாதீங்க, பின்னால் இருக்கும் தையலுக்கு அடியில் நுனியை நுழைத்து விடுங்க. வேலை முடிந்ததும் வட்டச் சட்டத்தைக் கழற்றி வைங்க, இல்லாவிட்டால் வட்டமாகத் தழும்பு விழும். ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீங்க.

இந்த ஊசி விஷயத்தை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லலை. எங்கம்மா காலமான பிறகு தகரப் பெட்டியைத் திறந்தோம். கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க போட்ட மேட்டி துணி, எட்டாக மடித்து, ஒரு பழைய புடவைத் துண்டுக்குள் இருந்தது. இரண்டு அன்னம். ஒன்றுக்கு அலகு முடிந்திருக்கு, இன்னொன்றுக்கு இல்லை. அலகு வர வேண்டிய இடத்தில் ஊசி அப்படியே நிற்குது, சுற்றிலும் கால் ரூபாய் அளவுக்குத் துருக்கறை. எங்கம்மாவுக்குத் தையல் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். என் தம்பி கேட்டான், "இதை ஏன் நமக்குக் காட்டவே இல்லை?" என்று. முடியலையே, அதனால்தான் காட்டலை. அந்த அலகை நான் போடவில்லை. துருவோடு அப்படியே சட்டம் போட்டு வச்சிருக்கேன்.

ஒரு வீட்டுக்கு இப்படி என்றால், ஒரு ஊருக்கே இப்படி ஆனதும் நம்ம மாவட்டத்தில் உண்டு. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. அங்கே மலையாளிப் பழங்குடி மக்களோடு லம்பாடி மக்களின் தண்டாக்களும் இருக்கு. லம்பாடிப் பெண்களின் பாவாடையும் ரவிக்கையும் கண்ணாடி, சோழி, நூல்வேலை என்று நிறைந்திருக்கும். பிறகு எல்லாரையும் போலப் புடவை கட்ட ஆரம்பித்தார்கள். பழைய உடுப்பு பெட்டிக்குள் போனது. உடுப்பு உள்ளே போனதும் தையலும் உள்ளே போனது. இரண்டு தலைமுறை ஊசியே எடுக்கவில்லை. கடைசியில் வேலை தெரிந்தவர்கள் வயசான ஒரு சில பெண்கள்தான். 1993-ல் அங்கே டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஆரம்பித்த பழங்குடியினர் நலமையம் பற்றிப் பலருக்குத் தெரியும். அந்த லலிதா அம்மாவின் முயற்சியில், தெரிந்த பெண்கள் தெரியாத பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க, 'பொர்கை' என்ற கைவினைஞர் சங்கம் வந்தது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். இன்று அவர்கள் தைத்த குர்த்தாவும் மெத்தை உறையும் நகரத்துக் கண்காட்சிகளில் தொங்குது. இத்தனைக்கும் அந்தத் தையல் காணாமல் போகவே இல்லை, பெட்டியில்தான் இருந்தது. வெளியே வந்ததும்தான் அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது, கூலியும் கிடைத்தது.

இனி முடிக்கும் வேலை. இதுதான் எல்லாரும் சோம்பல்படும் இடம். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பு போட்டு அலசுங்க. சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். தைக்கிறதுக்கு முன்னாலேயே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துக்கொள்ளணும். முறுக்கிப் பிழியாதீங்க. துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் இறங்கிவிடும். தடித்த துண்டை விரித்து, பூவேலை கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் இஸ்திரி போடுங்க. நேராகப் போட்டால் தையல் நசுங்கி, வாங்கின ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடும்.

சட்டம் போட நாம் போவது சாமி படத்துக்குக் கண்ணாடி போடும் கடைக்குத்தான். போங்க, தப்பில்லை. ஆனால் அவர்கள் அட்டையில் பசை தடவி ஒட்டிடுவாங்க, இரண்டு மழைக்காலத்தில் அது மஞ்சள் பூத்து மேலே வரும். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் ஏழு மாத வேலை அப்படித்தான் போச்சு. அட்டையில் இழுத்துக் கட்டுவதை நாமே வீட்டில் செய்திடலாம். அளவாக வெட்டின கெட்டி அட்டைமேல் துணியை நேராக வைத்து, ஓரத்தைப் பின்னால் மடித்து, கெட்டி நூலால் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, கட்டிலுக்குக் கயிறு பின்னுகிற மாதிரி இழுங்க. முதலில் மேல் கீழ், பிறகு இடம் வலம். கட்டத்தின் கோடு அட்டையின் விளிம்போடு ஒத்துப் போகுதா என்று பார்த்துக்கொண்டே இழுக்கணும். கடைக்காரரிடம், "அண்ணா, கண்ணாடி துணியைத் தொடக் கூடாது, நடுவில் ஒரு கட்டை கொடுங்க" என்று சொல்லுங்க. கண்ணாடி ஒட்டினால் ஈரம் கோர்த்துப் பூஞ்சை வரும். வெயில் அடிக்கும் சுவரில் மாட்டாதீங்க, அடுப்படிக்கு எதிரிலும் வேண்டாம்.

எல்லாத்துக்கும் கண்ணாடி வேணும் என்றும் இல்லை. ஒரு மூங்கில் குச்சியைக் கோர்த்துத் தோரணமாகத் தொங்கவிடலாம். தைத்த வட்டச் சட்டத்தையே பின்னால் துணி ஒட்டி மாட்டிடலாம், நாற்பது ஐம்பது ரூபாயில் வேலை முடிந்தது. ஓரத்தில் உங்க பெயரின் முதல் எழுத்தும் வருஷமும் நாலு தையலில் போடுங்க. கூச்சப்படாதீங்க. பெயர் போட்டதை யாரும் "எங்க வாங்கினது?" என்று கேட்க மாட்டாங்க.

விற்பனை பற்றிக் கொஞ்சம். நேரா சொல்லிடுறேன், பெரிய படத்தை விற்க நினைக்காதீங்க. நான் சொன்ன 140-க்கு 98 படம், முழுக்க நிரப்பினால் 13,720 தையல். நான் மணிக்கு 120 தையல் போடுவேன், அப்படியே 114 மணி நேரம். மணிக்கு ஐம்பது ரூபாய் என்று போட்டாலும் 5,700 ரூபாய், நூலும் துணியும் தனி. நம்ம பக்கம் கொடுப்பாங்களா? ஐநூறு ரூபாய்க்குக் கேட்பாங்க. ஐநூறுக்குக் கொடுத்தால் மணிக்கு நாலரை ரூபாய் கூட வராது. அதைவிட நம்ம சுவரிலேயே இருக்கட்டும். விற்பதற்கு 30-க்கு 30 கட்டம் போடுங்க. 900 தையல், ஏழரை மணி நேரம். துணிப்பையில், செல்போன் பையில், தலையணை உறையின் ஒரு மூலையில் வைத்துத் தைத்தால் உழைப்புக்கு நெருக்கமான விலை கேட்க முடியும். பூமாலை வணிக வளாகத்தில், கல்லூரிச் சந்தையில் பொருளோடு ஒரு சீட்டையும் கட்டுங்க: எத்தனை தையல், எத்தனை மணி நேரம், எந்த ஊர். கல்லூரிப் பிள்ளைகள் அந்தச் சீட்டைப் படிச்சிட்டு விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை. என் அனுபவம் இது.

அதற்குத்தான் ஒரு நோட்டு போடச் சொல்றேன். குழுப் பேரேடு மாதிரியே தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை கண்டு. கணக்குப் புத்தகம் எழுதும் தங்கச்சிகளுக்கு இது புது வேலை இல்லை. வீட்டில் "என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்டால் நோட்டைக் காட்டலாம். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லலை, மறுநாள் விளக்கை என் நாற்காலிப் பக்கம் மாற்றி மாட்டியிருந்தார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்தில் அட்டையில் இழுத்துக் கட்டுவதைச் செய்து காட்டுறேன். புதுத் துணி வேண்டாம். பீரோவில், பெட்டியில் பாதியில் நிற்கிற துணி எதுவாக இருந்தாலும் எடுத்துட்டு வாங்க, அம்மா போட்டது, மாமியார் போட்டது இருந்தாலும் சரி. ஒரு ஸ்கேல், கெட்டி நூல், கத்தரி. அட்டை நான் கொண்டு வர்றேன். கண்ணாடி போடுறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க, போன முறை ஒரே கண்ணாடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கிட்டோம்.