திசை மாறிய கேள்வி: லெஸ்லி நியூபிகினும் மேற்குலகத் திருச்சபையின் மறுசிந்தனையும்

நற்செய்தி ஒரு நாட்டின் பண்பாட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பது நெடுங்காலம் மிஷனெரிகளின் கேள்வியாக இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியவர்கள் இந்தியாவையும் சீனத்தையும் ஆப்பிரிக்காவையும் நோக்கி அதைக் கேட்டார்கள். புறப்பட்டுவந்த சொந்த ஊரை நோக்கி அந்தக் கேள்வி பெரும்பாலும் எழவில்லை. அங்கேதான் எல்லாரும் கிறிஸ்தவர்களாயிற்றே. 20ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் திருச்சபை வாழ்வை மறுபடி யோசிக்கும் நூல்களும் மாநாடுகளும் பெருகின. அந்தப் பழைய கேள்வி திசை மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். திருப்பியவர்களில் முதன்மையானவர் லெஸ்லி நியூபிகின்: மதுரையிலும் சென்னையிலும் பேராயராக இருந்தவர்.

நியூபிகின் 1909இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தார். 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனெரியாகச் சென்னை வந்தார். பின்னர் காஞ்சிபுரத்தில் பணியாற்றியபோது தமிழைக் கற்றுத் தேர்ந்ததோடு, இராமகிருஷ்ண மடத்துத் துறவியருடன் அமர்ந்து ஒரு வாரம் சுவேதாசுவதர உபநிடதமும் மறுவாரம் யோவான் சுவிசேஷமுமாக மூலமொழிகளில் படித்தார். பிறருடைய உலகப் பார்வைக்குள் உட்கார்ந்து தன்னுடையதைப் பார்க்கும் பழக்கம் அங்கே படிந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் அவர் செய்தவற்றுக்கெல்லாம் அதுவே கருவி.

அந்த ஆண்டுகளில் நற்செய்தியும் பண்பாடும் பற்றிய விவாதத்துக்குச் சென்னையே களமாகவும் இருந்தது. 1938இல் தாம்பரத்தில் உலக மிஷனெரிக் குழுவின் மாநாடு கூடியது. அதையொட்டி பி. செஞ்சையா, வி. சக்கரை உள்ளிட்ட சென்னைக் கிறிஸ்தவர்கள் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றிய தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். மேற்கத்திய அமைப்போடு இறக்குமதியான சபை இந்த மண்ணுக்கு எந்த அளவு தேவை என்று அதில் வெளிப்படையாகவே கேட்டார்கள். கேட்டவர்களில் குருவானவர்களைவிட வழக்கறிஞர்களும் பொதுவாழ்வில் இருந்தவர்களுமே முன்னின்றது கவனிக்கத்தக்கது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாக இணைந்த நாள் அது. நியூபிகின் அன்றைய முதல் பேராயர்களில் ஒருவராக மதுரை-இராமநாதபுரம் பேராயத்துக்குப் பொறுப்பேற்றார். ஊர் ஊராகச் சென்ற அவர் பார்த்த சபைகளில் பல மிகச் சிறியவை. சேரியின் ஓரத்தில் ஒரு கூரைக் கட்டடம், ஒரு உபதேசியார், எழுதப்படிக்கத் தெரியாத சில குடும்பங்கள். குருவானவர் ஒருவர் பல ஊர்களைச் சுற்றிவர வேண்டும். ஆனாலும் ஊரார் கிறிஸ்தவத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை முடிவு செய்தது அந்தச் சிறு கூட்டத்தின் நடத்தைதான்; மிஷன் பங்களாவில் அச்சான பிரசுரம் அல்ல. சபை என்பது தன் உறுப்பினர்களுக்காக நடக்கும் சங்கம் அல்ல, அது நிற்கிற ஊருக்காகவே அங்கே இருக்கிறது என்ற அவருடைய பிற்காலக் கருத்துக்கு வேர் இந்தக் கிராமங்களில் இருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் உலக அளவிலான பொறுப்புகள். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர்.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். மனைவி ஹெலனும் அவரும் விமானம் ஏறாமல், பெரும்பாலும் பேருந்துகளிலேயே தரைவழியாகப் பயணம் செய்து ஊர்போய்ச் சேர்ந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் அந்நியமாக இருந்தது. இந்தியாவில் வறுமைக்கு நடுவிலும் கண்ட நம்பிக்கை அங்கே மறைந்துபோயிருந்ததே தமக்கு மிகக் கடினமாக இருந்தது என்று அவர் பின்னர் சொல்வதுண்டு. பர்மிங்ஹாமின் செல்லி ஓக் கல்லூரிகளில் சில ஆண்டுகள் கற்பித்தார். பிறகு, எழுபது வயதில், அதே நகரின் ஏழைப் பகுதியான வின்சன் கிரீனில் மூடிவிடலாம் என்று பேசப்பட்ட ஒரு சிறு சபையின் ஆயராகப் பொறுப்பேற்றார். வீடு வீடாகப் போனார். ஆசியாவிலிருந்து குடியேறியவர்களின் வீடுகளில் உட்காரச் சொன்னார்கள். வெள்ளையர் வீடுகளில் பல சமயம் கதவு மூடிக்கொண்டது. நற்செய்தியை எதிர்ப்பவர்களை இந்தியாவில் அவர் அறிவார். ஒரு பொருட்டாகவே மதிக்காத அலட்சியத்தை இங்கேதான் கண்டார். எதிர்ப்பைவிட அதுதான் கடினம் என்றும் எழுதினார்.

இந்த அனுபவத்திலிருந்து வந்தது 1983இல் வெளியான ஒரு சிறு நூல். ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலால் பெயர்பெற்ற 1984ஆம் ஆண்டை ஒட்டி பிரிட்டிஷ் திருச்சபைகளின் மன்றம் ஒரு மாநாட்டைத் திட்டமிட்டது. அதற்கான சிந்தனைத் தூண்டலாக எழுதப்பட்டது இது. '1984இன் மறுபக்கம்' என்று பொருள்படும் தலைப்பு கொண்டது. ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடியது. வாதம் சுருக்கமானது. அறிவொளிக் காலம் முதல் மேற்குலகம் அறிவை இரண்டு அறைகளில் வைத்திருக்கிறது. எல்லாரும் ஏற்க வேண்டிய 'உண்மைகள்' முன்கூடத்தில். அவரவர் விருப்பமான 'மதிப்பீடுகள்' உள்ளறையில். சமயத்துக்கு உள்ளறையில் இடம் கொடுக்கப்பட்டது, திருச்சபையும் நன்றியோடு அங்கே குடியேறிவிட்டது. அறிவியலாளரும் ஏதோ ஒன்றை நம்பியே அறியத் தொடங்குகிறார் என்று 1958இலேயே வாதிட்டிருந்த மைக்கேல் போலானியின் அறிவுக் கோட்பாட்டை நியூபிகின் இங்கே துணைக்கு எடுத்துக்கொண்டார். சபை மீண்டும் பொதுவெளியில் பேச வேண்டும், ஆனால் பழைய அரசுமதத்தின் அதிகாரத்தோடு அல்ல என்பது அவர் நிலை. இந்த இரண்டாம் பாதியை மறந்து முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் பின்னாளில் இருந்தார்கள்.

1989இல் வந்த 'பன்மைச் சமுதாயத்தில் நற்செய்தி' என்ற பெரிய நூல் இந்த வாதத்தை விரித்தது. அதில் தனியே படிக்கத் தக்க ஒரு அதிகாரம், உள்ளூர்ச் சபையைப் பற்றியது. நற்செய்தியை இந்தக் காலத்து மக்கள் நம்பும்படி விளக்குவது எது? சிறந்த தர்க்கமா, சிறந்த விளம்பரமா? அதை நம்பி அதன்படி வாழும் ஒரு சபையே அதன் விளக்கவுரை என்கிறார் நியூபிகின். மதுரைப் பக்கத்துச் சேரிச் சபைகளை அறிந்த ஒருவர் இதைப் படித்தால் ஆங்கிலத்துக்குள் அவை தெரியும்.

நூல்களைச் சுற்றி 'நற்செய்தியும் நம் பண்பாடும்' என்ற பெயரில் ஓர் இயக்கம் உருவானது. 1992 ஜூலையில் டெர்பிஷயரின் ஸ்வான்விக்கில் சுமார் 400 பேர் கூடிய மாநாடு அதன் உச்சம். நற்செய்தியைப் பொது உண்மையாகப் பேசுவது அதன் பொருள். பிரிட்டனில் அதற்குப் பின் வேகம் தணிந்தது.

அமெரிக்காவில் அதே பெயரில் இயங்கிய வலையமைப்பு இன்னும் நீடித்த விளைவைத் தந்தது. ஜார்ஜ் ஹன்ஸ்பர்கர் அதை ஒருங்கிணைத்தார். டேரல் குடர் பதிப்பித்து 1998இல் வெளிவந்த கூட்டு நூல், சபை மிஷனெரிகளை அனுப்பும் நிறுவனம் என்ற நினைப்பை மாற்றி, சபையே அனுப்பப்பட்டது என்று வாதிட்டது. நியூபிகின் மறைந்ததும் அதே ஆண்டு ஜனவரியில்தான். நூல் புழக்கத்தில் விட்ட 'மிஷனல்' என்ற சொல் சில ஆண்டுகளில் கருத்தரங்குக்கும் கையேட்டுக்கும் ஒட்டும் முத்திரையாகத் தேய்ந்தது. நல்ல சொற்களுக்கு வாய்க்கும் கதிதான்.

பிரிட்டனில் மாற்று ஆராதனை என்ற இன்னொரு ஓட்டம் இதற்கு இணையாக ஓடியது. ஒளியும் நடன இசையும் சேர்ந்த ஆராதனையால் ஷெஃபீல்டில் இளைஞர்களைத் திரட்டிய ஒரு குழு 1980களின் நடுவில் தொடங்கி, தலைவரின் முறைகேடுகள் வெளிப்பட்டு 1995இல் கலைந்தது. வடிவம் புதிதாக இருந்தும் ஒருவர் கையில் அதிகாரம் குவிந்தது பழைய நோய். பின்வந்த முயற்சிகள் கண்காணிப்பையும் பொறுப்புக் கூறலையும் பெரிதாகப் பேசியதில் இந்த அனுபவத்துக்குப் பங்குண்டு.

இங்கிலாந்து திருச்சபை 2004இல் கிரஹாம் கிரே தலைமையிலான குழுவின் அறிக்கையை வெளியிட்டது. மக்கள் இப்போது ஊர் எல்லைக்குள் வாழ்வதில்லை. வேலை, பொழுதுபோக்கு, நட்பு ஆகிய வலைகளுக்குள் வாழ்கிறார்கள். ஆகவே ஊர்வாரியாகப் பிரித்த சேகர எல்லையை மட்டும் நம்பிய சபை பலரை எட்டாது என்றது அறிக்கை. பழைய சேகரமும் அந்த வலைகளுக்குள் உருவாகும் புதிய கூடுகையும் ஒரே திருச்சபையில் அருகருகே இருக்கட்டும் என்று அன்றைய தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் ஆதரவு தந்தார். இந்த முயற்சியில் மெதடிஸ்ட் சபையும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டில் போர்ட்ஸ்மத் அருகே தொடங்கிய 'மெஸ்ஸி சர்ச்', குழந்தைகளும் பெற்றோரும் கைவேலை செய்து, வழிபட்டு, சேர்ந்து உண்ணும் கூடுகை. அது பல நாடுகளுக்குப் பரவியது. சேகர எல்லைக்கு உட்படாத கூடுகைகளுக்குப் பேராயர் ஆணை வழியாகச் சட்ட இடம் தர 2007இல் வழி பிறந்தது.

எதிர்வாதம் 2010இல் ஆண்ட்ரூ டேவிசனும் அலிசன் மில்பாங்கும் எழுதிய நூலாக வந்தது. ஒத்த ரசனை உடையவர்களை மட்டும் கூட்டினால் அது சபையாகுமா என்பது அவர்கள் எழுப்பிய சிக்கல். பிடித்தவரும் பிடிக்காதவரும், கிழவரும் குழந்தையும், ஒரே ஊரில் இருப்பதாலேயே ஒரே திருவிருந்துக்கு வருவதுதான் சேகரத்தின் பொருள் என்று அவர்கள் வாதிட்டார்கள். சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்த சபைகளைக் கண்ட தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த வாதத்தின் கனம் எளிதில் புரியும். புதிய கூடுகைகளின் தரப்பு இதற்கு, ஒரே ஊரில் இருப்பவர்கள் உண்மையிலேயே ஒன்றாக வருகிறார்களா என்று திருப்பிக் கேட்டது. காலியான இருக்கைகளும் விற்கப்பட்ட ஆலயங்களும் அவர்கள் பக்கச் சான்றுகள்.