வெயிலும் இதயமும்



மதுரைச் சமவெளியில் வைகை வற்றும் ஆண்டு உண்டு. வெயில் வற்றிய ஆண்டு இல்லை. அவ்வாறிருந்தும், வெயிலால் உடலில் உண்டாகும் வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து நம் மக்களிற் பலருக்குக் குறைந்திருக்கிறது. இக்குறைவால் இதயமும் இரத்தக் குழாய்களும் கெடுமா, மாத்திரை உண்டால் இதய நோய் வாராது தடுக்கலாமா என்னும் வினாக்களுக்கு விடை காண்பது நம் கடமையாகும்.

கதிரவனின் புற ஊதாக் கதிர் தோலிற் படும்போது, அங்குள்ள ஒரு பொருள் இவ்வுயிர்ச்சத்தாக மாறுகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதனைப் பயன்படும் வடிவிற்குக் கொணர்கின்றன. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் ஏற்க இது இன்றியமையாதது. இது மிகக் குறைந்தால் குழந்தைகளின் எலும்பு வளையும். பெரியோருக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் தோன்றும்.

வெயில் நிறைந்த நாட்டில் இக்குறை எவ்வாறு வந்தது? காலையிலும் மாலையிலும் கதிர்கள் சாய்ந்து வருவதால், வேண்டிய கதிரின் பெரும்பகுதி காற்று மண்டலத்திலேயே தடைப்பட்டுவிடுகிறது. வைகறையில் மல்லிகை பறித்து வீடு திரும்பும் பெண்களுக்கும், செல்லூரில் தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளருக்கும் அது போதிய அளவு கிட்டுவதில்லை. கருநிறத் தோலுக்கு இச்சத்தை உண்டாக்கக் கூடுதல் நேரமும் வேண்டும். திருப்பதி வட்டாரத்தில் நடத்தப்பெற்று 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கிராமத்து ஆண்களில் 100க்கு 44 பேரிடமும், பெண்களில் 100க்கு 70 பேரிடமும் இக்குறை காணப்பட்டது.

இனி இதயத்திற்கு வருவோம். அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரைச் சார்ந்த ஆய்வில் 1,739 பேரை 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தனர். இச்சத்து குறைந்தோருக்கு, அதிலும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இதய நோய் மிகுதியாக வந்ததென 2008ஆம் ஆண்டு அறிவித்தனர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் கிணறும் வற்றும். மேய்ச்சற் புல்லும் கருகும். கிணறு வற்றியதால்தான் புல் கருகிற்று என்று நாம் கூறுவதில்லை. அதுபோலவே, உடல் பருத்தோருக்கும், நோயுற்று வீட்டினுள் கிடப்போருக்கும் இச்சத்து குறைகிறது. இதய நோயும் அவர்களையே மிகுதியாக நாடுகிறது.

உண்மையை அறியும் பொருட்டு, அமெரிக்காவில் 25,871 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வைட்டமின் டி மாத்திரையும், மற்றவருக்குச் சத்தில்லாத மாத்திரையும் 5 ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தனர். முடிவு 2018ஆம் ஆண்டு வெளியாயிற்று. மாத்திரை உண்டோரில் 396 பேருக்கும், உண்ணாதோரில் 409 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருந்தீங்குகள் நேர்ந்தன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பிற்கு வேண்டிய இச்சத்து, இதயத்திற்குக் காவல் மருந்தென்பது மெய்ப்பிக்கப்படவில்லை.

ஆகவே, இரத்த அழுத்தத்திற்கு மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு, இம்மாத்திரையை நம்பியிருப்பது பேராபத்தாகும். 60,000 அலகு கொண்ட மருந்தை மருத்துவர் சொல்லின்றி நாள்தோறும் உண்பதும் தீங்கே. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்து, வாந்தியும் சிறுநீரகக் கேடும் விளையலாம்; அச்சத்து இரத்தக் குழாய்களிலேயே படியவும் கூடும்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. நிழலிலேயே பணி செய்வோர் முற்பகலில் சிறிது நேரம் முகத்திலும் கைகளிலும் வெயில் பட உலாவுக. சித்திரை வெயிலில் முதியோரும் இதய நோயாளரும் நடுப்பகலைத் தவிர்க்க. முட்டை, மத்தி மீன் ஆகியவற்றில் இவ்வுயிர்ச்சத்து உண்டு. கேழ்வரகும் மோரும் சுண்ணாம்புச் சத்தைத் தரும். இதயத்தைக் காக்கப் புகையிலையை விடுக. உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடக்குக. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கிற் சேரும்.

ஊராட்சியின் பங்கும் பெரிது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே சோதிக்கப் பணியாளர் வருகின்றனர். 30 வயது கடந்தோர் அனைவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துக்கொண்டனரா என்பதைக் கிராம சபையில் கேட்டறியுங்கள். விடுபட்ட தெருவையும், வயல் வேலைக்குச் சென்றதால் விடுபட்டோரையும் குறித்துப் பணியாளருக்குத் தெரிவியுங்கள். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியின்றி வளர்வது, தேடினாலன்றித் தென்படாது.

கண்மாய்க் கரை உடையுமுன் மண் அணைப்பவர் நம் உழவர். அம்முன்னறிவை உடல்நலத்திலும் காட்டி, ஊரில் ஒருவரும் விடுபடாமல் காப்போமாக!