செப்புக் குழாயும் பற்றுக் கம்பியும்

(வெள்ளி விழாத் தொழிற்கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியின் பெருமையை முழங்கி வரும் இம்மேடையில், பட்டறையில் ‘ராடு’ என்று வழங்கும் பற்றுக் கம்பியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். கல்வி ஏட்டோடு முடிவதன்று. அண்ணல் அம்பேத்கர் 1942ஆம் ஆண்டில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே அரசுக்கு அளித்த விண்ணப்பத்தில், நம் மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உதவித்தொகை வேண்டும் என்று வற்புறுத்தினார். சட்டம் கற்ற மேதை எந்திரக் கல்வியைக் கேட்டார் என்பதை நாம் மறக்கலாகாது.

நம் கோவையில் இதன் பொருள் இன்னும் தெளிவாக விளங்கும். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு அவர்களின் முயற்சியால் மின்மோட்டார் இங்கே உருவாயிற்று. ஆலை, பம்ப்செட், குளிர்சாதனம் என்று தொழில்கள் பெருகின. அவற்றோடு செம்பும் ஊரெங்கும் பரவியது. ஆயினும் பட்டறைகளில் ஒருவர் சிலிண்டரைச் சுமக்கிறார். மற்றொருவர் சுடரைப் பிடிக்கிறார். எந்த ராடை ஏன் எடுத்தோம் என்று சுமப்பவருக்குச் சொல்வோர் மிகச் சிலரே. இந்த ‘ஏன்’ என்பதை அறியும் வரை உதவியாள் உதவியாளாகவே இருப்பார்; அறிந்த அன்றே வல்லுநராகத் தொடங்குவார். ஆதலின் அதனையே இன்று பேசுவோம்.

முதலில், பிரேசிங் என்பது யாது? செம்பு உருக ஏறத்தாழ 1,085 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். பற்றுக் கம்பியோ அதற்கு வெகு முன்பே, ஆனால் 450 டிகிரிக்கு மேல், உருகிவிடும். எனவே குழாய் உருகாது. கம்பி மட்டும் உருகி, இரு குழாய்களுக்கும் இடைப்பட்ட நுண்ணிய சந்தில் பாயும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றதே இது. பொற்கொல்லர் பொடி வைத்து ஊதி நகையைப் பற்றவைப்பதும் இதே தத்துவந்தான். அச்சந்து ஒரு தாளின் கனத்தைத் தாண்டலாகாது, 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருப்பது நன்று. சந்து அகன்றால் உலோகம் ஏறாது. இணைப்பும் வலுக் குன்றும்.

இனிக் கம்பியைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். எந்த உலோகத்தோடு எந்த உலோகம் சேர்கிறது என்பதே முதற் கேள்வி. விலை அதற்குப் பின்னரே.

செம்போடு செம்பைச் சேர்க்கச் செம்பும் பாஸ்பரசும் கலந்த கம்பி ஏற்றது. பாஸ்பரஸ் சுமார் 7 விழுக்காடு, எஞ்சியது செம்பு. இது 710 டிகிரியில் உருகத் தொடங்கும். சூட்டில் செம்பின் மேல் படியும் ஆக்சைடைப் பாஸ்பரசே நீக்கிவிடுவதால், பிளக்ஸ் பொடி தேவையில்லை. இதனோடு 2, 5 அல்லது 15 விழுக்காடு வெள்ளி சேர்த்த கம்பிகளும் உண்டு. அவை 643 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். 15 விழுக்காடு வெள்ளியுள்ள கம்பி அதிகம் வளைந்து கொடுக்கும். ஆதலின் அதிர்வு மிகுந்த இணைப்புகளுக்கு அது நல்லது. அதிர்வற்ற சாதாரண இணைப்புக்கு அவ்வளவு வெள்ளியைச் செலவிடுவது வீண்.

செம்போடு பித்தளையைச் சேர்க்கவும் இக்கம்பிகளே போதும். ஆனால் பிளக்ஸ் கட்டாயம் வேண்டும்.

செம்போடு இரும்பையோ எஃகையோ சேர்க்கும்போதுதான் பலர் தடுமாறுகின்றனர். பாஸ்பரஸ் இரும்போடு கூடினால் நொறுங்கும் தன்மையுள்ள படலம் உண்டாகும். இணைப்பு முதலில் அழகாகவே தோன்றும். அதிர்வு பட்டதும் விரிசல் விடும். ‘வெள்ளி ராடு’ என்ற பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. 15 விழுக்காடு வெள்ளி ராடிலும் பாஸ்பரஸ் உண்டு. இரும்புக்குப் பாஸ்பரஸ் அறவே இல்லாத, 45 விழுக்காடு போன்ற மிகுந்த வெள்ளியுள்ள கம்பியும் பிளக்சும் வேண்டும். கம்ப்ரஸரின் வாய்க்குழாய் சிலவற்றில் எஃகின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். கண்ணுக்குச் செம்பாகவே தெரியும். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு.

கேட்மியம் கலந்த வெள்ளிக் கம்பிகளும் உண்டு. அவற்றின் புகை நுரையீரலைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். கேட்மியம் இல்லாததையே கேட்டு வாங்குங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் நின்று வேலை செய்யுங்கள். சுமப்பவரின் நுரையீரலும் முதலாளியின் நுரையீரலும் ஒன்றே.

அடுத்துப் பயன்படுத்தும் முறை. குழாயைக் கட்டர் கொண்டு நேராக வெட்டுங்கள். உட்புறப் பிசிறை நீக்குங்கள். எண்ணெயும் அழுக்கும் போகத் தேய்த்துத் துடையுங்கள். வேலை முடியும் வரை குழாயினுள் நைட்ரஜனை மெல்லச் செலுத்துங்கள். இல்லையேல் உட்புறம் கரிய செதில் படியும். பின்னர் அது உதிர்ந்து நுண்குழாயை அடைக்கும். சுடரை முதலில் உட்செல்லும் குழாயின் மீதும், பிறகு அதனை ஏற்கும் வாயின் மீதும் ஆட்டிக் காட்டுங்கள். இரண்டும் மங்கிய செந்நிறம் அடைந்ததும் கம்பியைத் தொடுங்கள். கம்பியை உருக்க வேண்டியது குழாயின் சூடே, சுடரன்று. உருகிய உலோகம் சூடு மிகுந்த பக்கம் செல்லும். ஆதலின் சுடரை நகர்த்தி அதனை உள்ளே இழுக்கலாம். ஆறும் வரை அசைக்காதீர்கள். பிளக்ஸ் இட்டிருந்தால் ஆறியபின் வெந்நீரில் கழுவுங்கள். எஞ்சினால் அது உலோகத்தை அரிக்கும்.

கசிவு பார்ப்பது நைட்ரஜனாலும் சோப்பு நுரையாலும் மட்டுமே. ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றலாகாது. கம்ப்ரஸர் எண்ணெயோடு கூடி அது வெடிக்கும். குளிர்பதன வாயு உள்ளிருக்கும்போது சுடரைக் கொண்டு செல்வதும் ஆபத்தே. சில வாயுக்கள் சுடர் பட்டால் நஞ்சாகும்; இக்காலத்தில் வழங்கும் ஆர்-290 போன்றவையோ தீப்பற்றியே எரியும்.

தோழர்களே! இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பீர்கள். 2021 மே மாத இறுதியில் நாள்தோறும் பதிவான கொரோனாத் தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையும் விஞ்சி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மருத்துவமனைகளில் ஆக்சிஜன் படுக்கைவரை செல்வது செப்புக் குழாய்களின் வழியேதான். அக்குழாய்களின் உள்ளே எண்ணெயும் செதிலும் இருத்தலாகாது. இணைப்பு கசிதலும் ஆகாது. அந்த மூச்சு தடையின்றிச் சென்றதற்குப் பின்னால், முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் சரியான கம்பியும் சரியான கையும் இருந்தன. அவர் எச்சாதியார் என்று எந்த நோயாளியும் கேட்டதில்லை.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்த்த பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வகை செய்கிறது. ஐ.டி.ஐ.க்களின் கதவும் திறந்திருக்கிறது. இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறுங்கள். பெற்றபின் பணியிடத்தில் ‘ஏன் இந்த ராடு?’ என்று தயங்காமல் கேளுங்கள். விடை கிடைக்காவிடில் நூலில் தேடுங்கள். கழிவுக் குழாயில் செய்து, அறுத்துப் பாருங்கள். உலோகம் உள்ளே எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதை அறுத்த துண்டு மறைக்காமல் சொல்லும்.

நாளை நீங்கள் சுடரைப் பிடிக்கும்போது, உங்களருகே சிலிண்டரோடு ஒருவர் நிற்பார். அவர் எச்சாதியாராயினும், ராடை எடுக்கும் முன் காரணத்தை அவருக்குச் சொல்லுங்கள். நமக்கு மறைத்ததை நாம் மறைப்பதில்லை என்பதே இச்சங்கத்தின் கல்வி.

ஜெய் பீம்!