பிள்ளை துபாயில், பாயசம் ஊரில்

நடுவர் அவர்களே! துபாயில் பிறந்தநாள் கொண்டாடினால் அது ஒரு கௌரவம் என்றார் எதிரணி நண்பர். நான் ஒரு கணக்குச் சொல்றேனுங்க. அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அங்கே ராத்திரி 12 மணிக்கு மகன் கேக் வெட்டுறான்; இங்கே மணி 1.30. அதுவரைக்கும் செல்போனும் கையுமாக அம்மா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்!

அவனுக்குத் தேதி; அவளுக்கு ஆவணி மாத ரோகிணி. ரெண்டும் எல்லா வருஷமும் ஒரே நாளில் வராதே! நட்சத்திரத்தன்று அவன் பேருக்கு அர்ச்சனை செய்து பாயசமும் வைத்துவிடுகிறாள். யார் சாப்பிடுவது? பிள்ளை துபாயில், அப்பாவுக்கோ சர்க்கரை! (சிரிப்பு)

பிறந்த நாள் அவனுக்கென்றால், பெத்த நாள் அவளுக்கு ஐயா! ரெண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காத கொண்டாட்டம் பாதிக் கொண்டாட்டந்தான். (கைதட்டல்)