மெக்கானிக் படிக்கும் சதவீதம்



காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் பி0171 என்று ஒரு கோட் வருகிறது. இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று மிஞ்சுகிறது, பெட்ரோல் போதவில்லை என்பது அதன் பொருள். "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று உடனே சொல்கிற கடைகள் உண்டு. ஸ்பேனரைத் தொடாமல், ஸ்கேனரில் ஓடும் எண்களை இன்னும் சிறிது நேரம் பார்க்கிற மெக்கானிக்கும் உண்டு. இந்த இரண்டாமவர் செய்வதைக் கலை என்றே மதிக்கிறேன்.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதத்தைக் காவல் காப்பது ஆக்ஸிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் செய்த இந்தச் சென்சார் 1976-இல் வால்வோ கார்களில் வந்தது. புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் அளவில் காட்டும், குறைந்தால் 0.9 வரை ஏறும். அதைப் பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. எத்தனை சதவீதம் கூட்டினோம் என்று கணக்கும் வைத்துக்கொள்கிறது. ஃபியூல் டிரிம் என்பது அந்தக் கணக்குதான். கூட்டிக் கூட்டி 20, 25 சதவீதம் தாண்டியும் சரிப்படாதபோது பல கார்களில் கோட் விழுகிறது. ஆக, கோட் என்பது ஒரு புகார். யார் செய்த குற்றம் என்று அதற்கே தெரியாது.

கண்டுபிடிக்கும் விதம்தான் அழகு. இன்ஜின் நன்றாகச் சூடேறிய பின் ஐடிலில் டிரிம்மைப் பார்க்கிறார். அந்த நொடிக்கான ஷார்ட் டேர்ம், நாள்பட்ட லாங் டேர்ம் என்ற இரண்டு டிரிம்மையும் கூட்டினால் 25 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் பிடிக்கிறார். 25 மளமளவென்று இறங்கி 4-இல் நிற்கிறது. அவருக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது: எங்கோ ஏர் லீக். மேனிஃபோல்டு கேஸ்கெட்டாக இருக்கலாம், வெடித்துப்போன ரப்பர் ஹோஸாக இருக்கலாம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரும்பங்கு. ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்று பல மடங்காகிவிடும், ஓட்டையின் பங்கு அதில் கரைந்துபோகும். ஐடிலில் எண் சரியாக இருந்து, வண்டி மேட்டில் இழுக்கும்போது ஏறினால் கதை வேறு. அப்போது சந்தேகம் பெட்ரோல் பம்ப் மீதும், அடைத்த ஃபில்டர் மீதும், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் மீதும் போகும்.

ஆனால் இதை மனப்பாடமாக எல்லா வண்டிக்கும் ஓட்ட முடியாது. நம் சாலைகளில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் காற்றை நேராக அளக்கும் சென்சார் இல்லை. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஏர் லீக் ஆனால் அழுத்தம் கூடும், வந்த காற்றுக்கும் சேர்த்தே கம்ப்யூட்டர் பெட்ரோல் கொடுத்துவிடும். டிரிம் பெரிதாக அசையாமல் ஐடில் மட்டும் ஏறி நிற்கும். எந்த வகை இன்ஜின் என்று முதலில் கேட்கிற மெக்கானிக்கை நம்பலாம்.

சென்சார் ஏமாறும் இடங்களும் உண்டு. அதற்குத் தெரிவது ஆக்ஸிஜன் மட்டும். பிளக் பொறி விடாமல் ஒரு சிலிண்டர் எரியாது போனால் பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியேறும். எரியாத பெட்ரோல் சென்சாரின் கணக்கில் வராது, காற்றைப் பார்த்து "லீன்" (பெட்ரோல் போதவில்லை) என்றே சொல்லும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விட்டாலும் அதே பொய்.

பி0172 இதற்கு நேர்மாறு, பெட்ரோல் மிகுதி. ஒழுகும் இன்ஜெக்டர், மூடாமல் சிக்கி டேங்க் ஆவியை உள்ளே விடும் பர்ஜ் வால்வு என்று காரணங்கள் போகும். அனுபவசாலிகள் ஸ்கேனருக்கு முன்பே டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்ப்பார்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் இன்ஜின் சூட்டில் ஆவியாகி மறுபடி உள்ளேதான் போகிறது.

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே போதும். அதனால் பழைய கார்களில் லாங் டேர்ம் டிரிம் சில சதவீதம் ஏறியே நிற்கலாம். அதைக் கழித்துப் பார்க்கத் தெரியாதவர் நல்ல வண்டியிலும் கோளாறு தேடுவார்.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு. சென்சாருக்கு ஐயாயிரம் என்றால் கொடுத்துவிடுகிறோம், அரை மணி நேரம் பார்த்துக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். வந்ததும் "கோடை அழிச்சுக் கொடுங்க" என்றும் அவசரப்படுத்துகிறோம். கோட் விழுந்த நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகத்தில், எவ்வளவு லோடில் ஓடியது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஃப்ரீஸ் ஃப்ரேமாகச் சேமித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அதைக் குறித்துக்கொண்ட பிறகே நல்ல மெக்கானிக் அழிக்கிறார். ஹோஸை மாற்றியதும் வண்டியைக் கொடுத்துவிடுவதில்லை. அதே வேகத்தில், அதே லோடில் ஓட்டிப் பார்த்து, டிரிம் ஐந்துக்குள் வந்து நின்ற பிறகே சாவியைத் தருகிறார்.