ஒரே நீலப் பேனா

(செவிலியர் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்தேன். கடைசிப் பதினெட்டு ஆண்டுகள் சர்க்கரை நோய்ப் புறநோயாளிகள் பிரிவில். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். எனக்கு நன்றாகத் தெரிந்தது சர்க்கரை ஒன்றுதான். அதைப் பற்றியும், அந்த மேசையில் உட்கார்ந்து நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் பேசுகிறேன்.

அங்கே வந்த ஒரு பையனுக்கு அப்போது பதினாறு வயது. பிளஸ் ஒன். டைப் 1 சர்க்கரை நோய். இரண்டு பஸ் மாறி அம்மாவோடு வருவான். வீட்டில் பார்க்கும் சர்க்கரை அளவை எழுதிவரச் சொல்லி ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருந்தோம். மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்தான். 112, 124, 118, 131 என்று பக்கம் பக்கமாக அழகான எண்கள். எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வண்டி குலுங்கிய இடங்களில் எழுத்தும் குலுங்கியிருந்தது. அன்று எடுத்த எச்பிஏ1சி 11.8.

பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தத்தில் ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று எச்பிஏ1சி சோதனையில் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் 7க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. நோட்டில் என்ன எழுதினாலும் அந்தக் கணக்கு மாறாது.

நான் நோட்டைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோர் முன்னாலும், “யாரை ஏமாத்துறே தம்பி?” என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த மாதம் அவன் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து அம்மா மட்டும் இன்சுலின் வாங்க வந்தார். அவரை உட்காரவைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்து பல வாரம் ஆகியிருந்தது. ஒரு டப்பா ஸ்ட்ரிப் அந்த அம்மாவின் பல நாள் கூலி. மத்தியான ஊசியை அவன் பள்ளிக்கூடக் கழிவறையில் நின்றபடி போட்டுக்கொண்டிருக்கிறான். பையன்கள் பார்த்துவிட்டு என்னவோ சொல்லவும் அதையும் விட்டுவிட்டான். “நோட்டு காலியா இருந்தா சிஸ்டர் திட்டுவாங்கன்னு எழுதினான்மா” என்றார். திட்டு அவனுக்குப் பயம். அதைத் தவிர்க்க எழுதினான். அதற்கே நான் திட்டினேன்.

நாங்கள் எண்ணைக் கேட்டோம், அவன் எண்ணைக் கொண்டுவந்தான். எண்ணுக்குப் பின்னால் காசில்லாததும் கழிவறையும் கூச்சமும் இருந்தன. அவற்றை எழுத அந்த நோட்டில் கட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. அவனை நான் பிறகு பார்க்கவே இல்லை.

இந்த நோயின் வரலாற்றில் இன்னொரு பையன் இருக்கிறான், பதினான்கு வயது. லியனார்ட் தாம்சன். 1922 ஜனவரி 11ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகரத்து மருத்துவமனையில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவன். அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. கொலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக மருந்தைச் சுத்திகரித்தார். ஜனவரி 23ஆம் தேதி மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு மருத்துவம் என்றால் பட்டினிதான். எலும்பும் தோலுமாகச் சில மாதம், கூடிப்போனால் சில வருடம் இழுத்துப்பிடிப்பார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆனால் பாடப் புத்தகம் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. சாக வேண்டிய குழந்தை பிழைத்துவிட்டது. சரி, மறுநாள் காலையில்? அதற்கு மறுநாள்? நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மற்றப் பல நோய்களில் நோயாளி மாத்திரையை விழுங்கினால் போதும். இதில் அவரேதான் மருத்துவர், செவிலியர், சமையல்காரர், கணக்குப்பிள்ளை. இரண்டு இட்லியா மூன்றா, ஊசி எத்தனை யூனிட், இன்று நடந்தோமா, நாளைக்குக் கல்யாண வீடு, பந்தி எத்தனை மணிக்கு? இப்படி நாள் முழுக்க யோசித்து எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் காலையில் 210 காட்டும். “ராத்திரி ஒரு சப்பாத்திதான் சிஸ்டர் சாப்பிட்டேன்” என்று சத்தியம் செய்வார்கள். நம்புங்கள். விடியற்காலையில் உடம்பில் கார்ட்டிசால் போன்ற சில ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும். காய்ச்சல் வந்தால் ஏறும். தூக்கம் கெட்டால் ஏறும். மகள் வீட்டில் சண்டை என்று போன் வந்தால் ஏறும். வெறும் வயிற்றுச் சர்க்கரை நேற்றைய ஒழுக்கத்துக்கு யாரும் போட்ட மதிப்பெண் அல்ல.

இப்படி ஓயாமல் பார்த்துக்கொள்வதால் வரும் களைப்பை மருத்துவமும் அறியும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1995இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அது மனச்சோர்வு நோய் அல்ல. மனச்சோர்வும் சர்க்கரை உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல்தான், அதற்குத் தனி சிகிச்சை வேண்டும். இது வேறு. லீவே இல்லாத ஒரு வேலையை வருடக்கணக்கில் பார்ப்பதால் வருவது. நம் ஆட்களிடம் கேள்வித்தாள் வேண்டியதில்லை. “சலிச்சுப்போச்சு சிஸ்டர்” என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் கையிலிருக்கும் சிரிஞ்சை வைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். பின்னால் வரிசை நீளமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் போதும்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1441 டைப் 1 நோயாளிகளை வைத்துப் பல ஆண்டுகள் நடந்த டிசிசிடி ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. வகுப்பில் படித்திருப்பீர்கள். அதே ஆய்வில், இறுக்கிப் பிடித்தவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது மற்றவர்களைவிட மூன்று மடங்கு. அந்த வரியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். நோயாளி மறப்பதில்லை. ஒரு தடவை கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டி, பெற்ற பிள்ளையின் பெயர் நினைவுக்கு வராமல் நின்றவருக்கு அது சாகும்வரை மறக்காது.

எங்களிடம் ஒரு பஸ் டிரைவர் வந்துகொண்டிருந்தார். எப்போது பார்த்தாலும் 250க்கு மேல்தான். மூன்று வருடம் எல்லோரும் அவரைக் கண்டித்தோம். ஒரு நாள் அவரே சொன்னார்: “வண்டியில அம்பது பேர் இருக்காங்கம்மா. எறங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதான் ஊசியைக் கொறைச்சுப் போட்டுக்கிறேன்.” அவர் அலட்சியக்காரர் இல்லை. அந்தப் பிரிவுக்கு வந்தவர்களிலேயே அவ்வளவு பொறுப்பான மனிதர் கிடையாது. மருத்துவரிடம் அழைத்துப்போய் மருந்தை மாற்றினோம். எழுபதுக்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, அதுவரை வண்டி ஓரமாக நிற்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் வந்த பிறகுதான் அளவு இறங்க ஆரம்பித்தது.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். “சொன்ன பேச்சு கேக்கலன்னா ஊசிதான்” என்று பயமுறுத்தும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் சொல்லாதீர்கள். பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்த யூகேபிடிஎஸ் ஆய்வு காட்டியது இதுதான்: டைப் 2 நோய் கண்டுபிடிக்கப்படும் அன்றைக்கே கணையம் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கும், பிறகும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். பத்து வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவருக்கும் ஒரு நாள் ஊசி தேவைப்படலாம். அதைத் தண்டனை என்று சொல்லிவைத்துவிட்டால், அந்த நாள் வரும்போது தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக அவர் அழுவார். நான் பார்த்திருக்கிறேன். ஊசியைத் தள்ளித் தள்ளிப்போட்டு, கால் விரல் கறுத்தபிறகு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மனசு என்று மட்டும் பேசிவிட்டுப் போனால் என் பழைய வார்டு என்னை மன்னிக்காது. கையால் செய்யும் வேலையிலும் கவனம் வேண்டும். நம் நாட்டு இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். நூறு யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருப்பார், வீட்டில் பாட்டிக்குத் தெரியாது. குப்பியையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லி, உங்கள் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் ஒரு கலயம், அதற்குள் மூடிய டப்பாவில் மருந்து. ஃபிரிட்ஜ் இருக்கும் வீட்டில், ஃப்ரீசரில் வைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். உறைந்த இன்சுலின் உதவாது. செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைப் பாருங்கள். மரத்துப்போன காலோடு உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்து, பாதம் வெந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போய், தரையில் ஈரம் பார்த்துத்தான் கொப்புளம் உடைந்ததைத் தெரிந்துகொண்ட அம்மாக்கள் உண்டு.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது இது வசதியானவர்களின் வியாதி என்று ஊரில் பேச்சு. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. உங்களில் பலர் அந்த வாசல்களில் நிற்கப்போகிறீர்கள். அங்கே மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மாத்திரையை ஒளித்துவைக்கும் மருமகள் இருப்பாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று வாய் அடைக்கப்பட்ட பெண்ணும் இருப்பாள். சத்தமாக “சுகர் எவ்வளவு?” என்று தெருவிலிருந்து கேட்காதீர்கள். உள்ளே போங்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பிறகு, “ஏன் இவ்வளவு ஏறிச்சு?” என்று கேட்காமல், “இந்த மாசம் எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். அந்தப் பையனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இப்போது மணி ஒன்றே கால். நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று போட்டிருக்கிறது. இந்த அரங்கில் எழுநூறு பேர் இருப்பீர்கள். உங்களில், காலையில் ஊசி போட்டுக்கொண்டு, பிள்ளை மேடையேறும்போது எழுந்து போகக் கூடாது என்று உட்கார்ந்திருக்கும் அப்பாவோ அம்மாவோ நிச்சயமாக இருக்கிறார்கள். பின் வரிசையில் ஒரு அம்மா கொஞ்ச நேரமாக முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், புழுக்கமாகவும் இருக்கலாம். பட்டம் வாங்கியவர்கள் சுருளை நாற்காலியில் வைத்துவிட்டு அவரவர் வீட்டார் பக்கத்தில் போய் அவர்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். வாசலில் பிஸ்கட்டும் பழச்சாறும் இருக்கின்றன. யாராவது ஒருவர் அந்த அம்மாவிடம் முதலில் போங்கள். நான் நிறுத்திக்கொள்கிறேன்.