புகை இல்லாத பகை

புகை கண்ணைக் கரிக்கும்; இருமலை எழுப்பும்; நம்மை வெளியே விரட்டும். அவ்வகையில் அது நம் நண்பனே. கரி கனிந்து தணலானதும் புகை நின்றுவிடுகின்றது. 'இனி அச்சமில்லை' என்று எண்ணுகிறோம். ஆனால், அஞ்சவேண்டியது அந்தத் தணலுக்கே.

தணல் எப்பொழுதும் ஓரளவு அரைகுறையாகவே எரிகின்றது. அதனால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகின்றது. திறந்த வெளியில் அது கலைந்து போகும். கதவடைத்த அறையிலோ தங்கிப் பெருகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதனை இந்த நச்சு வாயு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கின்றது. மூச்சு நடக்கும், ஆயினும் மூளைக்குப் பிராணவாயு போய்ச் சேராது.

சுரங்க விபத்துகளை 1890-களில் ஆராய்ந்த ஜே. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர், சிற்றுயிர்களைக் காவலாகக் கொண்டு செல்லுமாறு கூறினார். பிரிட்டனின் சுரங்கங்களில் கானரிப் பறவைகள் நெடுங்காலம் அக்காவல் புரிந்தன. அவற்றுக்கு மாற்றாகக் கருவிகளை வைக்க 1986-இல் முடிவாயிற்று. அத்தகைய கருவி இல்லாத வீட்டில் நம் அறிவே காவல்.

உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சிக் கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கியோர் விடியலில் எழவில்லை என்னும் செய்தியை நாளிதழ்களில் நான் பன்முறை படித்திருக்கின்றேன். அவர்கள் நோயாளிகள் அல்லர். குளிர் காய விரும்பியவர்கள், அவ்வளவே. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரியும் கேஸ் கெய்சரும், வீட்டுக்குள் ஓடும் ஜெனரேட்டரும் இதே நஞ்சை உமிழக்கூடியவை.

தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரே வீட்டில் பலருக்கும் ஒருங்கே தலைவலித்து, வெளியே வந்ததும் தணியுமானால் உடனே ஐயுறுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்து அனைவரையும் வெளியேற்றுங்கள், 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டது போலத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நச்சு வாயு நிறைந்த அறைக்குள் நெடுநேரம் நின்று நீங்களும் வீழ்ந்துவிடாதீர்கள்.

நெருப்பும் உறக்கமும் ஓர் அறையில் கூடா. இவ்விதியை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றுலா சென்ற இடத்தில் பெரியவர் ஒருவர் அன்பினால் கரியடுப்பை உள்ளே கொணரலாம். அப்பொழுது, "ஐயா, இது வெளியே இருக்கட்டும், போர்வை போதும்" என்று பணிவோடு, ஆனால் உறுதியோடு சொல்லுங்கள். அந்த அறையில் இதனை அறிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும்.